உங்களுக்குத் தெரியுமா? காதல் கதை மேல் கார் ஓடுகிறது!

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே 2003-இல் திறக்கப்பட்ட எம்6 டோல் சாலையின் மேற்பூச்சில் கலந்திருப்பவை, சுமார் 25 லட்சம் பழைய மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல்கள்! காகிதக் கூழ் சேர்த்தால் தார்க் கலவை நழுவாமல் பிடித்துக்கொள்ளும், இரைச்சலும் குறையுமாம்.

அரைத்தது போக மிஞ்சியவற்றை நூலகங்களில் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மூத்த வாசகிகள் சிலர், படித்து முடித்ததும் ஏதாவது ஒரு பக்க எண்ணுக்கு அடியில் பென்சிலால் சின்னக் கோடு இழுத்து வைப்பார்கள். சிலர் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள். எதற்கு? அட்டையும் ஒரே சாயல், நாயகனும் ஒரே சாயல்; படித்ததையே மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே! நூலகர் கண்ணில் படாதவரை சரி.