கல்லுக்குள் பல், பல்லுக்குள் சூடு

சுண்ணாம்புக்கல்லை உடைத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போடுகிறார்கள். வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறார்கள். நுரை பொங்குகிறது. சில நாட்களில் கல் கரைந்து, அடியில் கொஞ்சம் வண்டல் தங்குகிறது. அதைச் சல்லடையில் அலசிக் காயவைத்து, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய தூரிகையால் கிளறினால், துகள்களுக்கிடையே சின்னஞ்சிறு பற்கள் தட்டுப்படும். கோனோடான்ட் என்று பெயர். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. நம் பல்லைப் போலவே கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை என்பதால் அமிலத்துக்குத் தப்பிவிடுகின்றன.

1856இல் இவற்றை முதலில் விவரித்த கிறிஸ்டியன் பாண்டர், ஏதோ அழிந்துபோன மீனின் பல் என்று நினைத்தார். பல்லுக்கு உரிய உடல் அகப்பட 120 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே எடுத்த ஒரு கல்லில், விலாங்கு போன்ற சிறிய உடலும் தலைப்பக்கம் இந்தப் பற்களும் ஒன்றாகப் பதிந்திருந்தன. 1983இல் அது வெளியானது.

பிராணி எதுவென்று தெரியாத காலத்திலேயே நிலவியலாளர்கள் பற்களை நம்பத் தொடங்கிவிட்டார்கள். சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அழியும்வரை, இவற்றின் வடிவம் மாறிக்கொண்டே வந்தது. வடிவத்தைப் பார்த்தால் பாறையின் வயதைச் சொல்லிவிடலாம்.

நிறத்தையும் படிக்கலாம் என்று காட்டியவர் அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அனிட்டா ஹாரிஸ். அப்பலாச்சிய மலைத்தொடரில் ஓரிடத்துப் பல் வெளிர்மஞ்சளாகவும், இன்னோரிடத்துப் பல் கறுப்பாகவும் இருந்தது அவர் கண்ணில் பட்டது. பற்களை உலையில் சூடேற்றிப் பார்த்தபோது அதே நிறங்கள் அதே வரிசையில் வந்தன. பல்லுக்குள் இருக்கும் உயிர்ப்பொருள் மெல்லக் கரியாகிறது. இன்னும் சூடேறினால் கரியும் போய், பல் சாம்பல் நிறமாகி வெளுக்கிறது. 1977இல் வெளியான அந்த அளவுகோலில் 1 என்றால் பல் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்ததில்லை. 5 என்றால் 300ஐத் தாண்டிவிட்டது. முதலில் பயனடைந்தவர்கள் எண்ணெய் தேடியவர்கள். கறுத்த பல் கிடைத்த இடத்தில் எண்ணெய் எப்போதோ வெந்து அழிந்திருக்கும்.

தாது தேடுபவர்களுக்கோ சூடே துப்பு. துத்தநாகம், ஈயம், தங்கம் போன்ற பல உலோகங்களைப் பாறைப் பிளவுகள் வழியாகச் சுமந்துவருவது வெந்நீர். ஆழத்தில் புதைந்து வெந்த பாறையில் எல்லாப் பற்களும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்கும். வெந்நீர் புகுந்த பாறையில் அப்படி இல்லை. ஒரே கையளவுக் கல்லில் ஒரு பல் கறுப்பாகவும் அடுத்தது வெளுத்தும், மேற்பரப்பு அரிக்கப்பட்டும் கிடக்கும். வெந்நீர் வந்த இடமெல்லாம் உலோகம் இருக்கும் என்பதில்லை. ஆனாலும் நூறு சதுர கிலோமீட்டரில் எங்கே கூர்ந்து பார்ப்பது என்று திணறுபவருக்கு இது பெரிய உதவி.

வயது சொல்லும் திறமை எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவின் நெவாடாவில் பார்க்கலாம். அங்கே மேற்கிலிருந்து வந்த பழைய ஆழ்கடல் பாறை, சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன், இளைய சுண்ணாம்புக்கல்லின் மேல் தள்ளப்பட்டு ஒரு மூடியைப் போலப் படிந்தது. கீழே இருக்கவேண்டிய பழையது மேலே இருப்பதைப் புதைபடிவங்களே காட்டிக்கொடுத்தன. மூடி அரிக்கப்பட்டுக் கீழ்ப்பாறை தெரியும் ‘ஜன்னல்’களை ஒட்டிச் சுரங்கங்கள் வரிசையாக அமைந்திருப்பதை 1960இல் நிலவியலாளர் ரால்ஃப் ராபர்ட்ஸ் எழுதினார். அந்தத் தடத்தைப் பிடித்துச் சென்ற ஜான் லிவர்மோர் 1961இல் கார்லினில் தங்கத்தைக் கண்டார். கண்ணுக்கே தெரியாத, அரித்துப் பிரிக்க முடியாத நுண்தங்கம் அது.

ஜன்னல் இல்லாத இடத்தில் துளையிட்டுத்தான் பார்க்கவேண்டும். துளை ஆழமாக ஆழமாக வரும் பாறைத்துண்டுகளை வாளியில் கரைக்கிறார்கள். வயதில் இளைய பற்கள் வரத் தொடங்கினால், துளை மூடியைக் கடந்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிவிட்டது என்று தெரியும்.