காரம் வேறு, நிறம் வேறு

நம் சமையலறையில் மிளகாய்த் தூளுக்கு மூன்று வேலைகள் உண்டு. நாவுக்கு உறைப்பைத் தருவது, கண்ணுக்குச் சிவப்பைக் காட்டுவது, குழம்புக்கு ஓரளவு கெட்டித்தன்மையைக் கொடுப்பது. இம்மூன்றையும் ஒரே டப்பாவிலிருந்து ஒரே கரண்டியால் எடுத்துப் போட்டுப் பெற்றுவிட நினைக்கிறோம். குழம்பு வெளிறித் தெரிந்தால் இன்னொரு கரண்டி போடுகிறோம். நிறம் வருகிறது, கூடவே வேண்டாத காரமும் வந்துவிடுகிறது. உறைப்பும் நிறமும் மிளகாயின் வெவ்வேறு பொருள்களிலிருந்து பிறப்பவை. ஒன்றைக் கூட்டாமலே மற்றொன்றைக் கூட்டலாம். இந்த எளிய உண்மையை மறந்ததன் விலையை வீட்டில் முதியோரும் குழந்தைகளும், வயலில் விவசாயியும் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அருகருகே அமைந்த ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மிளகாயின் பெயரால் அறியப்பட்ட ஊர்கள் அல்ல. முன்னதற்கு மாம்பழமும் நூற்பாலைகளும் வேட்டை நாயும் அடையாளம். பின்னதற்கு ஆண்டாள் கோயிலும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் அடையாளம். ஆனால், இவ்விரு ஊர்களின் அடுப்படிக்கு வந்து சேரும் வற்றல், கிழக்கே விரியும் மானாவாரி நிலங்களோடும் விருதுநகர்ச் சந்தையோடும் பிணைந்தது. விருதுநகரின் வற்றல் விலை நிலவரம் இன்றும் நாளிதழ்களில் தனியே அச்சாகிறது. 1985 வரை இப்பகுதி முழுவதும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ராமநாதபுரத்தின் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டு மிளகாய் என்றும் அழைக்கப்படும் இந்த உருண்டை வற்றல், வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்பட்டு, தை மாதத்துக்குப் பிறகு பறிக்கப்பட்டு, வெயிலில் காய்வது.

அளவாக உறைப்பது தமிழர்க்குப் புதிதும் அன்று. மிளகாய் இந்தியாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் வழியாகத்தான். அதுவரை நம் உறைப்பு மிளகிலும் இஞ்சியிலும் திப்பிலியிலும் இருந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால்தான் வந்த விருந்தாளிக்கு 'மிளகாய்' என்று பெயரிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருப்பாவை பாடிய காலத்தில் மிளகாய் இந்த நிலப்பரப்பிலேயே இல்லை. அதன் 27-ஆம் பாசுரம் பேசும் விருந்து நெய் மிதக்கும் பால்சோறு. இன்றும் பல கோயில் மடைப்பள்ளிகளில் மிளகாய்க்கு இடமில்லை. புளியோதரைக்கும் பொங்கலுக்கும் மிளகே உறைப்பு. திவசச் சமையலிலும் பல குடும்பங்கள் இதே முறையைக் கடைப்பிடிக்கின்றன. ஆக, காரம் குறைந்தால் சுவை குறையும் என்பது நம் மரபு சொன்ன பாடம் அல்ல.

மிளகாய் உறைப்பதற்குக் காரணம் கேப்சைசின் என்ற வேதிப்பொருள். அது விதையில் இருப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது உருவாவது விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிற உள்தண்டிலும் நரம்புகளிலும்தான். அதை ஒட்டியிருப்பதால் விதைக்கும் காரம் ஏறுகிறது. வற்றலைக் கிள்ளி, காம்போடு அந்த உள்தண்டையும் விதையையும் உதறிவிட்டால் காரத்தின் பெரும்பகுதி போய்விடும். சிவந்த தோல் அப்படியே மிஞ்சும்.

நாவில் நாம் உணரும் காரம் உண்மையில் ஒரு சுவையே அன்று. அது ஒரு வகை வலி. கொதிக்கும் சூட்டை உணர்வதற்காக நம் நரம்புகளில் உள்ள ஏற்பியைக் கேப்சைசின் தட்டி எழுப்புகிறது. மூளை அதைச் சூடு என்றே புரிந்துகொள்கிறது. இந்த ஏற்பியை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்கு மசிவதில்லை. ஆண்டாள் தோளில் அமர்ந்திருக்கும் கிளியின் இனம் பழுத்த மிளகாயைச் சலனமின்றிக் கொத்தித் தின்பது இதனால்தான். விதையை மெல்லாமல் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் பறவையை வரவேற்கவும், விதையைக் கடித்து நாசமாக்கும் விலங்கை விரட்டவும் செடி கண்ட வழி அது.

கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே காரம் தலைக்கேறியபோது தண்ணீர் குடிப்பதால் பயன் இல்லை. பாலும் தயிரும் மோரும் உதவும். பாலில் உள்ள கேசின் புரதம் காரத்தைப் பற்றிக்கொண்டு நாவிலிருந்து விலக்குகிறது. குழம்பில் தேங்காய்ப்பால் சேர்ப்பதும், காரக் கறியோடு தயிர்ப் பச்சடி வைப்பதும் அனுபவம் கண்டறிந்த அறிவியல்.

நிறத்தின் கதை வேறு. மிளகாய்த் தோலின் சிவப்புக்குக் காரணம் கேப்சாந்தின் முதலிய கரோட்டினாய்டு நிறமிகள். இவற்றுக்கும் உறைப்புக்கும் தொடர்பே இல்லை. இந்திய நறுமணப் பொருள் வாரியம் தரும் ரக விவரங்களைப் பார்த்தால் இது தெளிவாகும். குண்டூர் சன்னத்தில் கேப்சைசின் சுமார் 0.23 விழுக்காடு, நம் முண்டு வற்றலில் சுமார் 0.17 விழுக்காடு. கர்நாடகத்தின் பியாடகியிலோ அது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. நிற அளவீட்டில் சன்னமும் முண்டும் 33-ஐ ஒட்டி நிற்க, பியாடகி 160-ஐத் தொடுகிறது. உறைப்பில் கடைசியில் நிற்கும் மிளகாய் நிறத்தில் முதலிடம் பெறுகிறது. கடைகளில் 'காஷ்மீரி' என்ற பெயரில் விற்கும் தூளை மக்கள் தேடுவதும் இந்த நிறத்துக்காகவே. அந்தப் பெயர் இன்று ஒரு நிலத்தைவிட ஒரு நிறத்தையே அதிகம் குறிக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் குழம்பு மிளகாய்த் தூளை வீட்டுக்கு ஏற்றபடி அமைப்பது கடினமன்று. ஒரு கிலோ மல்லிக்கு அரை கிலோ வற்றல் என்பது மிதமான கணக்கு. அந்த அரை கிலோவில் 300 கிராம் முண்டும் 200 கிராம் பியாடகியும் இருந்தால் நம் ஊர் மணமும் கிடைக்கும், நிறமும் கிடைக்கும், காரமும் தணியும். இன்னும் தணிய வேண்டுமானால் பாதி வற்றலின் விதையையும் உள்தண்டையும் நீக்கிவிடலாம். மல்லி மணத்தைத் தருவதோடு குழம்பைக் கெட்டியாக்கவும் செய்கிறது. சிறிதளவு துவரம் பருப்பும் பச்சரிசியும் வறுத்துச் சேர்ப்பதும் கெட்டிக்காகவே. சீரகம், மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவை சேரும்போது உறைப்பு ஒரே முனையில் குத்தாமல் பரவலாக நிற்கும். வெந்தயம் கருகினால் கசக்கும். மல்லி அதிகம் வறுபட்டால் மணம் ஓடிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே, மிதமான சூட்டில் வறுப்பதே முறை.

அரவை மில்லிலிருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அதை உடனே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும். தாளில் பரப்பி முழுதும் ஆறவிட்டு, பிறகே ஒளி படாத கலத்தில் அடைக்க வேண்டும்; கேப்சாந்தின் ஒளியிலும் காற்றிலும் வெளுக்கும். நிறமி எண்ணெயில் கரைவதால், தாளிப்பில் அடுப்பைத் தணித்துத் தூளைச் சில நொடிகள் எண்ணெயில் புரட்டி, உடனே தக்காளியையோ நீரையோ சேர்த்தால் அதே அளவு தூள் கூடுதல் சிவப்பைத் தரும். சூடு மிஞ்சினால் தூள் கருகி, நிறமும் போய்க் கசப்பும் ஏறும்.

வயிற்றுப் புண்ணுக்கு மிளகாயே காரணம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரியும் வலிநிவாரணி மாத்திரைகளும்தான் என்பது நிறுவப்பட்டுவிட்டது. அந்த நுண்ணுயிரியைக் கண்டறிந்த மார்ஷலும் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும், ஏற்கெனவே நெஞ்செரிச்சலும் செரிமானக் கோளாறும் உள்ளவர்களுக்கு மிகுந்த காரம் துன்பத்தைக் கூட்டும். அத்தகையோருக்கென்று தனியே சப்பென்ற உணவு சமைத்து அவர்களை ஒதுக்குவதைவிட, எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து உண்ணும்படி பொடியை அமைப்பது பரிவும் சிக்கனமும் ஆகும்.

காரமில்லாத சிவப்பின் மீதான ஆசை ஓர் ஆபத்தையும் அழைத்து வருகிறது. இயற்கையான நிறமிகு வற்றல் விலை கூடியது. அந்த இடத்தைச் சாயம் நிரப்பப் பார்க்கிறது. துணிக்கும் மெழுகுக்கும் பயன்படும் சூடான் சாயங்களை உணவில் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது. அவை விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என அறியப்பட்டவை. 2005-இல் இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்த் தூள் வழியாக இச்சாயம் ஒரு சுவைச்சாறில் கலந்தது தெரியவந்து, பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. ஒரு கோப்பை நீரில் தூளைத் தூவிப் பார்க்கும் வீட்டுச் சோதனை பயனுள்ளதே. நீரில் கரையும் சாயம் இருந்தால் நிறக் கோடுகள் கீழிறங்கும், செங்கல் தூள் அடியில் தங்கும். ஆனால், சூடான் சாயம் எண்ணெயில் கரைவது. அந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. ஆய்வகமே சொல்ல முடியும்.

இரண்டாவது ஆபத்து பூஞ்சை. வற்றலின் ஈரப்பதம் 11 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும். களத்தில் காயும்போது எதிர்பாராத மழை பெய்தால் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்து, கல்லீரலுக்குக் கேடான அப்ளாடாக்சின் நச்சு உருவாகலாம். வறுப்பதால் அது முழுதும் அழிவதில்லை. முழு வற்றலில் வெளுப்பையும் பூசணத்தையும் கண் கண்டுபிடித்துவிடும். பொடியான பின் எல்லாம் ஒரே சிவப்பு. வற்றலாக வாங்கி, பார்த்துப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து அரைக்கும் பழக்கம் வெறும் ஏக்கத்துக்குரியது அன்று. அது ஒரு தரச் சோதனை.

இங்குதான் விவசாயியின் நிலை நம் கரண்டியோடு தொடர்புறுகிறது. முண்டு வற்றல் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறமுடையது. அடர்சிவப்பையே தரம் என்று நுகர்வோர் கருதினால், மானாவாரி நிலத்தில் விளையும் இந்த இயல்பான நிறம் சந்தையில் தோற்றுவிடும். கடுங்காரமே தரம் என்று கருதினாலும் அதே கதிதான். தேஜா போன்ற கடுங்கார ரகங்களோடு அது போட்டியிட இயலாது. மிதமான உறைப்பும் தனக்கே உரிய மணமும் உடைய ஒரு வற்றலுக்கு, அவற்றை விரும்பிக் கேட்டு வாங்கும் நுகர்வோரே பாதுகாப்பு. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். விலையைத் தானாகக் கொண்டுவந்துவிடாது.

ஹங்கேரி இதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. மிளகாய் அங்கும் வந்தேறிய பயிர்தான். 19-ஆம் நூற்றாண்டில் செகெட் நகரில் விதையையும் உள்நரம்பையும் நீக்கி அரைக்கும் முறை பரவி, காரம் தணிந்த பாப்ரிகா தூள் உலகப் புகழ் பெற்றது. அதே நகரில் மிளகாயிலிருந்து பெருமளவில் வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் செண்ட்-கியோர்கி 1937-இல் நோபல் பரிசு பெற்றார். அங்கே பாப்ரிகா, இனிப்பானது, பாதி இனிப்பானது, காரமானது என்று தரம் பிரித்து விற்கப்படுகிறது. வாங்குபவர் தம் நாவுக்கு ஏற்றதை எடுக்கிறார். நம் ஊர்ப் பொட்டலங்களில் பெரும்பாலானவற்றில் 'மிளகாய்த் தூள்' என்ற சொல் மட்டுமே இருக்கிறது. எந்த ரகம், எவ்வளவு உறைப்பு, எந்த ஊர் வற்றல் என்ற விவரம் கிடைப்பதில்லை.

அதைக் கட்டாயமாக்குவது உணவுப் பாதுகாப்புத் துறைக்கு இயலாத செயல் அன்று. ரகத்தின் பெயர், உறைப்பின் அளவு, விளைந்த மாவட்டம் என்ற மூன்று விவரங்கள் உறையில் இருந்தால் போதும். முண்டு என்று அச்சிட்டு விற்பவர் முண்டையே வாங்கியாக வேண்டும். காரம் வேண்டாதவர் ஏமாறாமல் வாங்க முடியும். அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வற்றல் வாங்கும்போது ரகத்தைக் கேட்பதும், இரண்டு வகை வற்றலைக் கலந்து அரைப்பதும், இயல்புக்கு மீறிய சிவப்பைக் கண்டால் ஐயுறுவதும் எந்த வீட்டிலும் இன்றே தொடங்கக்கூடியவை. காரத்தை அளவோடு ஆளத் தெரிந்த சமையலே கைதேர்ந்த சமையல். குழந்தையும் பாட்டியும் ஒரே குழம்பை ஊற்றி உண்ணும் வீட்டில் அது தெரியும்.