கரண்ட் அடுப்பு பிளக் கருகுதா? வயர் இழையை வெட்டினதுதான் வினை!

சென்னை: கேஸ் தீர்ந்தால் கை கொடுக்குமே என்று கரண்ட் அடுப்பு வாங்கி வைக்கும் வீடுகளில் ஒரு புகார் அடிக்கடி வரும். அடுப்பு நல்லாத்தான் எரியும். ஆனால் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் தொட முடியாத அளவுக்குச் சுடும். கொஞ்ச நாளில் பிளாஸ்டிக் பழுப்பாகி, மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் கிளம்பும். உடனே அடுப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது சுவருக்குள் இருக்கும் வயரை!

2000 வாட் அடுப்பு, 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட 6 ஆம்பியர் பாயிண்ட் இதைத் தாங்காது. தடி பின் நுழையும் 16 ஆம்பியர் பாயிண்ட் கட்டாயம் வேண்டும். தடி பின்னைச் சின்ன ஓட்டையில் சொருக கன்வெர்ஷன் பிளக் விற்கிறார்களே என்று கேட்கலாம். அடுப்புக்கு அதைத் தொடவே கூடாது.

இந்தப் பாயிண்ட்டுக்கு பாக்ஸில் இருந்து 2.5 அல்லது 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் தனியாக இழுப்பார்கள். இரட்டை அடுப்பு என்றால் 4 வயர்தான் நல்லது. பழைய எலக்ட்ரீஷியன்கள் '7/20' என்று சொல்லும் ஏழு கம்பி வயர் கிட்டத்தட்ட இந்த கனம்தான். இப்போது வரும் 4 வயரில் தலைமுடி மாதிரி 56 இழை இருக்கும்.

கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. மட்டமான சாக்கெட்டில் ஸ்குரூ ஓட்டை சின்னது. 56 இழையும் உள்ளே போகாது. அவசரத்தில் கட்டரை எடுத்து 20 இழையை நறுக்கிவிட்டு, மிச்சத்தைத் திணித்து முடுக்கிவிடுகிறார்கள். மிச்சம் 36 இழை. அது 2.5 வயரின் கணக்கு! 4 வயருக்குக் காசு கொடுத்தும், முனையில் நிற்பது 2.5 வயர்தான். நறுக்கியதில் ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து ஸ்குரூவைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

பிடிப்பு லூசாக இருந்தால் அந்த இடத்தில் சூடு ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. சூட்டில் ஸ்குரூ இன்னும் லூசாகும், சூடு இன்னும் ஏறும்.

"எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆகிடுமே" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஆகாது! கரண்ட் அளவு கூடினால்தான் எம்.சி.பி. விழும். லூஸ் கனெக்ஷனில் கரண்ட் கூடாது, சூடுதான் கூடும். சாக்கெட் உருகும் வரை எம்.சி.பி. கம்முனு நிற்கும். 16 ஆம்பியர் பாயிண்ட்டுக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு வைத்திருந்தால் அதைவிட ஆபத்து.

சரியான முறை என்ன? மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்கணும். ஓட்டையின் ஆழத்துக்கு மட்டும் தோலை உரிக்க வேண்டும். உரிக்கும்போது ஓர் இழைகூட அறுபடக் கூடாது. எல்லாத்தையும் முறுக்கி, மொத்தமாக நுழைத்து முடுக்கணும். இழை பிரிகிறது என்றால் முனையில் பின் லக் போட்டு, அதற்கான கிரிம்பிங் பிளேயரால் நசுக்கலாம். சிலர் முனைக்கு ஈயம் பூசுவார்கள். அது வேண்டாம். ஸ்குரூ அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி, பிடிப்பு விட்டுப்போகும்.

சாக்கெட் வாங்கப் போகும்போதே 4 வயரில் ஒரு துண்டு எடுத்துப்போய், கடையிலேயே நுழைத்துப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

பேஸ், நியூட்ரல் மாறுவதும் உண்டு. முன்பக்கம் பார்த்தால் வலது பேஸ், இடது நியூட்ரல், மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். பின்னால் திருப்பினால் பக்கம் மாறிவிடும். அதனால் அச்சிட்டிருக்கும் 'எல்', 'என்', 'இ' எழுத்தைப் பார்த்தே மாட்ட வேண்டும். பச்சை எர்த் வயரை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடவே கூடாது. அடுப்பு பாடியில் கரண்ட் இறங்கினால் காப்பாற்றுவது அதுதான்.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் சொல்லி, லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்தே செய்யணும். கருகின பாயிண்ட்டில் சாக்கெட்டை மட்டும் மாற்றினால் பத்தாது. கறுத்துப்போன வயர் முனையையும் வெட்டி எறிந்து, புது முனை உரித்து மாட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அடுப்பை ஓடவிட்டு, ஆஃப் செய்து பிளக்கை உருவி பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை சுட்டால் வயர்மேனை அனுப்பிவிடாதீர்கள், மறுபடி கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.