வீட்டிலே கிட்டார் பழகும் பிள்ளைகளுக்கு



ஆண்டர்சன்பேட்டையிலே எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச்சுரங்கம் மூடப்பட்டபோது வேலையை இழந்தவர். அதன்பின் மாரிக்குப்பத்தில் அதிகாலை இரயிலேறி, பெங்களூருக்குப் போய்க் காவலாளியாக வேலை செய்தார். சில ஆண்டுகளுக்கு முன், மிச்சம் பிடித்த பணத்தில் மகனுக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கி வந்தார். சபையில் வாசித்துக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டபடியால், அந்த இடத்தில் தன் பிள்ளை நிற்கவேண்டும் என்பது அவருடைய வாஞ்சை. மூன்று மாதத்தில் பையன் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். "இவன் சோம்பேறி, ஐயா" என்று தகப்பன் என்னிடம் வந்து கண்கலங்கினார்.

நான் வீட்டுக்குப் போய் அந்தக் கருவியை எடுத்துப் பார்த்தேன். தந்திகள் கழுத்துப் பலகையைவிட்டு அவ்வளவு உயரத்தில் நின்றன; நாற்பது வருஷம் வாசித்த என் விரலாலேயே அழுத்த இயலவில்லை. குற்றம் பிள்ளையிடத்தில் இல்லை.

ஆகையால் பெற்றோருக்கு முதலாவது சொல்வது இதுதான்: வாங்குமுன் 12-ஆம் ஃப்ரெட்டின்மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. நான்கைத் தாண்டினால் புதிதாய்ப் பழகுகிறவனுக்கு அது தண்டனை. தந்திகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டையின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் குறைக்கலாம். 2 மில்லிமீட்டர் தேய்த்தால் 12-ஆம் ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்கும். நைலான் தந்திக்கென்று செய்யப்பட்ட கிட்டாரில், சத்தம் அதிகம் வரட்டும் என்று இரும்புத் தந்தியை மாட்டிவிடாதிருங்கள். அதன் இழுவிசையைத் தாங்காமல் பாலமே பெயர்ந்து வந்துவிடும்.

விரல்நுனி வலிப்பது இயல்பே. இரண்டு மூன்று வாரங்களில் தோல் காய்ப்பேறும். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் இருபது நிமிஷம் உட்காருவது மேலானது. இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிடவேண்டும். ஃப்ரெட்டின் மேலேயே அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும்.

சுருதி சேர்த்த பிறகே வாசிக்கத் தொடங்குங்கள். தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கைப்பேசியில் இலவசச் செயலிகள் உண்டு. ஆனாலும் காதைப் பழக்குங்கள்: ஆறாம் தந்தியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஐந்தாம் தந்தியின் ஒலி வரும், அப்படியே மற்றவைகளும். மூன்றாம் தந்தியை மாத்திரம் நான்காம் ஃப்ரெட்டில் அழுத்தவேண்டும்.

ஜி, சி, டி, ஈ மைனர் ஆகிய நான்கு கார்டுகளோடு தொடங்கலாம். கார்டு மாற்றும்போது வலக்கை நிற்கக்கூடாது. இடக்கை பிந்தினாலும், ஒரு ஒலி மழுங்கினாலும் பரவாயில்லை. தாளம் நின்றுபோனால் பாடுகிற சபையே தடுமாறும். நம்முடைய பாடல்களில் அநேகம் தகிட, தகிட என்று மூன்று மூன்றாய் நடக்கிறவை. ஆங்கிலப் பாடங்களில் கற்ற நான்கடித் தட்டை அவைகளின்மேல் ஏற்றும் வாலிபர்களைக் காண்கிறேன். முதலில் கைதட்டிப் பாடிப் பாருங்கள்.

பழைய கீர்த்தனைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துப் பாடல்கள் கர்நாடக இராகங்களில் அமைந்தவை. சங்கராபரணத்தின் சுரங்கள் மேற்கத்திய மேஜர் வரிசையின் சுரங்களே. அங்கே கார்டு பொருந்தும். மாயாமாளவகௌளை போன்றவற்றில் கார்டைத் திணிப்பதைவிட, ஸ–ப என்ற இரண்டு சுரங்களை மாத்திரம் மெல்ல மீட்டிக்கொண்டிருப்பது அழகு என்பது என் அபிப்பிராயம்.

பாடுகிறவரின் கட்டைக்கு ஏற்ப வாசிக்கக் கேப்போ உதவும். சி கார்டு ஒரு கட்டை. இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி அதே கார்டைப் பிடித்தால் இரண்டு கட்டை.

லைன் வீடுகளில் ஒரே சுவர். இரவு இரயிலில் திரும்பிய அண்டை வீட்டார் உறங்கும் வேளையில், பாலத்தருகே தந்திகளுக்கு அடியில் கைக்குட்டையைச் செருகிப் பழகலாம். தாவீதின் நாட்களில் பாடலில் தேறியவர்கள் 288 பேர் என்று 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரம் கணக்குச் சொல்கிறது. ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் அங்கே ஒரே சீட்டுத்தான் போட்டார்கள். ஆகவே தகப்பன்மார் பிள்ளை தவறும்போது சிரிக்கவேண்டாம்.

அந்தக் கிட்டாரின் பட்டையை ஒரு தச்சரிடம் தேய்க்கக் கொடுத்தோம். இப்போது வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்தப் பிள்ளைதான் வாசிக்கிறான். தகப்பன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார். எஃப் கார்டு வரும் பாடலை மாத்திரம், "அடுத்த வாரம் பாடலாம், பாஸ்டர்" என்று இன்னும் தள்ளிவைத்துக்கொண்டிருக்கிறான்.