ஒரு போட்டோ எடுத்துக்கலாமா, சார்?

2018 அக்டோபரில் மதுரையில் ஒரு மருத்துவமனைத் திறப்பு விழாவுக்கு வந்த நடிகர் சிவகுமார், பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கப் போன இளைஞரின் போனைத் தட்டிவிட்டார். அந்தச் சில நொடிக் காட்சி அன்றைக்கே ஊர் உலகமெல்லாம் சுற்றிவந்தது. கேட்காமல் எடுப்பது என்ன நாகரிகம் என்று முதலில் விளக்கம் சொன்னவர், பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்த இளைஞருக்குப் புது போனும் வாங்கிக் கொடுத்தார்.

மீம் போட்டவர்களும் சரி, அவருக்காகப் பரிந்து பேசியவர்களும் சரி, சட்டம் என்ன சொல்கிறது என்ற பக்கமே போகவில்லை. படம் எடுக்க அந்த இளைஞருக்கு உரிமை உண்டா? அதைத் தடுக்க இவருக்கு என்ன வழி? தெருவுக்குத் தெரு கேமரா போன் வந்துவிட்ட நாட்டில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

இந்தியாவில் பொது இடத்தில் நடமாடும் ஒருவரைப் படம் எடுப்பதையே குற்றமாக்கும் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. கடற்கரையில் நடைப்பயிற்சி போகும் நடிகரைத் தூரத்திலிருந்து படம் எடுத்தால் போலீஸ் வழக்குப் போட முடியாது. அதற்காக, பிரபலம் ஆகிவிட்டவருக்கு அந்தரங்கமே இல்லை என்று ஆகிவிடாது. இதில் நாடு முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு நம் ஊர் வழக்கிலிருந்து வந்தது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது தொடர்பாக ‘நக்கீரன்’ ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டுக் காட்டியது. ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு, கல்வி போன்றவற்றை அவர் சம்மதமின்றி யாரும் வெளியிடக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும். பொது ஆவணத்தில் பதிவானதை வெளியிடலாம். தானாக வலிய வந்து சர்ச்சையில் நுழைந்தவர் அந்த அளவுக்குப் பாதுகாப்பை இழக்கிறார். 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதிசெய்தது.

எங்கே படம் எடுப்பது குற்றமாகிறது? பெண் ஒருவர் தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பித் தனிமையில் இருக்கும்போது எடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு பாயும். யாராக இருந்தாலும், ஆண் பெண் பேதமின்றி, அவரது அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டுக்கும் பிடிபடாத அத்துமீறல்களும் உண்டு. 2022 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் விராட் கோலி தங்கியிருந்த ஹோட்டல் அறைக்குள் யாரோ புகுந்து, அவருடைய செருப்பு, துணிமணி வரை வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். ஹோட்டல் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், மும்பையில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆலியா பட்டைப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து படம் எடுத்து ஓர் ஊடகம் வெளியிட்டது. தெருவிலிருந்தோ மொட்டைமாடியிலிருந்தோ கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அடுத்தவர் வீட்டுக் கூடம் பொது இடம் ஆகிவிடாது.

சில இடங்களில் ஆளைப் பற்றிக் கவலையே இல்லை, போனுக்குத்தான் தடை. தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சாமி கும்பிட வந்த நடிகையைப் பிரகாரத்தில் மறித்துப் படம் எடுப்பவர் இரண்டு பேரைத் தொந்தரவு செய்கிறார் என்றே சொல்லலாம். வாக்குச்சாவடியிலும் போன் கூடாது. 2021 ஏப்ரல் 6 அன்று திருவான்மியூரில் ஓட்டுப் போட வந்த அஜித், முகக்கவசம்கூட இல்லாமல் நெருங்கிவந்து செல்ஃபி எடுத்த ரசிகரின் போனைப் பிடுங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கொடுத்தது நினைவிருக்கும். விமானத்தில் பயணி தன் இருக்கையில் இருந்தபடி படம் எடுக்கத் தடையில்லை. ஆனால் 2020 செப்டம்பரில் கங்கனா ரணாவத் பயணித்த சண்டிகர்–மும்பை விமானத்தில் செய்தியாளர்கள் இடைவழியில் முண்டியடித்த பிறகு, பாதுகாப்புக்கு இடைஞ்சலாகவோ விமான ஊழியர் சொல்வதை மீறியோ எடுப்பதை அனுமதிக்க முடியாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: முதல் நாள் முதல் காட்சியில் தலைவர் அறிமுகக் காட்சியைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற பழக்கம். 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, திரையரங்கில் அனுமதியின்றிப் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கும். பாசத்தில் எடுத்தேன் என்று சொல்லிப் பயனில்லை.

எடுத்த படத்தை என்ன செய்யலாம் என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். படத்தின் காப்புரிமை பொதுவாக எடுத்தவருடையது. ஆனால் அதில் இருக்கும் முகத்தை வைத்துச் சம்பாதிக்கும் உரிமை அந்த முகத்துக்காரருடையது. பிரியாணிக் கடைக்கு வந்த நடிகரோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டி வைக்காத முதலாளி நம் ஊரில் உண்டா? அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதே படத்தை ஃபிளெக்ஸில் பெரிதாகப் போட்டு, அந்த நடிகரே கடையைப் பரிந்துரைப்பதுபோல் எழுதினால் கதை வேறு. அமிதாப் பச்சனும் ஜெயா பச்சனும் தோன்றிய தனிஷ்க் விளம்பரத்தை இன்னொரு நகைக்கடை தன் விளம்பரப் பலகையில் போட்டுக்கொண்ட வழக்கில், 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தக் கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தன் பெயரையும் பாணியையும் வைத்து எடுக்கப்பட்ட இந்திப் படத்துக்கு எதிராக 2015-இல் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார். பிறகு அமிதாப் (2022), அனில் கபூர் (2023) என்று டெல்லியில் வரிசையாக உத்தரவுகள். குரல், சாயல், வசனம் பேசும் பாணி வரை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிற அளவுக்கு அவை போகின்றன. அது போக, பொய் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம்.

கவனித்துப் பார்த்தால் இதில் ஒரு கோணல் தெரியும். ஒரு நட்சத்திரத்தின் முகத்துக்குச் சந்தையில் இருக்கும் விலையை நம் நீதிமன்றங்கள் நன்றாகவே காக்கின்றன. அதே நட்சத்திரம் மனைவி மக்களோடு நிம்மதியாக ஒரு வேளை சாப்பிடுவதைக் காக்கச் சட்டத்தில் அநேகமாக ஒன்றும் இல்லை. அந்த இடத்தை நம்முடைய மரியாதை ஒன்றுதான் நிரப்பியாக வேண்டும்.

மரியாதை என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கேட்பது. அதுவும் ஒரு தடவை. “சார், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று எதிரில் நின்று, முகம் பார்த்துக் கேட்பது. பின்னாலிருந்து தோளைத் தட்டுவதும், பெயரைச் சொல்லிக் கத்துவதும் கேட்பதில் சேராது. “இப்ப வேண்டாம்பா” என்றால் அதோடு சரி. காரணம் கேட்கக் கூடாது. விலகி நின்று திருட்டுத்தனமாக எடுக்கவும் கூடாது. வாயில் சோறு இருக்கும்போது, மருத்துவமனை வராந்தாவில், போனில் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்கவே வேண்டாம். தொப்பியும் முகக்கவசமுமாக வருகிறவர் தன்னை அடையாளம் காணாதீர்கள் என்றுதான் சொல்லாமல் சொல்கிறார்.

சரி என்று சொல்லிவிட்டால் அவரைக் காக்க வைக்காதீர்கள். போனைத் திறந்து, கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். செல்ஃபியைவிடப் பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்வது நல்லது. முன் கேமராவில் இரண்டு முகமும் அடங்க வேண்டுமென்றால் உடம்போடு உடம்பு ஒட்ட வேண்டும். நீட்டிய கை அவர் மூக்கருகே ஆடும். மூன்று தடவை சரிவராமல் நான்காவது தடவை என்பதற்குள் பின்னால் இருபது பேர் சேர்ந்துவிடுவார்கள். தோளில் கை போடுவதைக் கேட்காமல் செய்யவே கூடாது, பெண்களிடம் கட்டாயமாக. வீடியோ எடுக்கிறீர்கள் என்றால் வீடியோ என்று சொல்லுங்கள். போட்டோவுக்குச் சிரித்து நிற்பவரிடம் “என் நண்பனுக்கு ஹாய் சொல்லுங்க” என்று ரெக்கார்டிங்கை ஓடவிடுவது ஏமாற்று வேலை. படத்தை அங்கிருந்தே, இடத்தின் பெயரோடு பதிவேற்றாதீர்கள். நீங்கள் போடும் ஒரு ஸ்டோரி கால் மணி நேரத்தில் ஒரு கூட்டத்தைத் திரட்டிவிடும். அவர் கிளம்பிப் போன பிறகு போட்டால் லைக் குறைந்துவிடப் போவதில்லை.

நிதானமாக ஆளைப் பார்க்க வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. 2017-இல் ரஜினி கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் மாவட்ட வாரியாக ரசிகர்களை வரவழைத்துப் படம் எடுத்துக்கொண்டார். வரிசை, முறை, ஆளுக்கு ஒரு படம். மும்பை ஜூஹுவில் தன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அமிதாப் வந்து நிற்பது பல வருட வழக்கம்.

கூட்டம் என்று வந்துவிட்டால் பேச்சு மரியாதையிலிருந்து உயிருக்குப் போய்விடுகிறது. 2024 டிசம்பர் 4 இரவு ஹைதராபாத் சந்தியா திரையரங்கில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சிக்கு அல்லு அர்ஜுன் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் இறந்தார். அவருடைய மகன் படுகாயமடைந்தான். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் 41 பேர். அடிபட்டவர்கள் அநேகமாக எப்போதும் பார்க்கப் போனவர்கள்தான். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போகாதீர்கள். நெஞ்சுக்கு முன்னால் கையை மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுமுள்ளு தொடங்கினால் எதிர்த்து நிற்காமல் ஓரமாகச் சாய்ந்து வெளியேறுங்கள். கீழே விழுந்த போனை எடுக்கக் குனியாதீர்கள்.

பெண் நட்சத்திரங்களுக்குக் கூட்டம் இன்னொரு வகையிலும் ஆபத்து. 2025 டிசம்பரில் ஹைதராபாத் வணிக வளாகம் ஒன்றில் பாடல் வெளியீட்டுக்கு வந்த நிதி அகர்வால், காருக்குப் போவதற்குள் நாலாபுறமும் கைகள் மொய்க்கத் துப்பட்டாவைப் பிடித்தபடி திணறியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காவல் துறை தானாகவே முன்வந்து, வளாக நிர்வாகத்தின் மீதும் நிகழ்ச்சி அமைப்பாளர்கள் மீதும் வழக்குப் பதிந்தது. கூட்டத்தில் கை பட்டுவிட்டது என்ற சாக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 74-ஆம் பிரிவின் முன் எடுபடாது. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் தொடுவது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் பின்தொடர்வது, மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வது, இணையத்தில் அவர் நடமாட்டத்தைக் கண்காணிப்பது எல்லாம் அதே சட்டத்தின் 78-ஆம் பிரிவில் வரும். நடிகை என்பதால் விதிவிலக்கு கிடையாது.

குழந்தைகள் விஷயத்தில் யோசிக்கவே தேவையில்லை. தங்கள் மகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று கோலியும் அனுஷ்காவும் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்ட பிறகும், 2022 ஜனவரியில் கேப் டவுன் ஆட்டத்தின்போது அந்தக் குழந்தையின் முகம் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. துக்க வீட்டிலும் அப்படித்தான். அஞ்சலி செலுத்த வந்தவர் கண்ணைத் துடைக்கும்போது முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறவரைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. பக்கத்தில் நிற்பவர் அந்தக் கையைத் தாழ்த்தச் சொல்லலாம்.

படங்களைத் திரித்துப் பரப்புவது தனிக் கதை. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய வீடியோ வந்தது. அடுத்த ஜனவரியில் டெல்லி போலீஸ் கைது செய்தது அவர் பெயரில் ரசிகர் பக்கம் நடத்திய இளைஞரை. பின்தொடர்வோரைக் கூட்டுவதற்காகச் செய்ததாகக் காவல் துறை சொன்னது. ராஷ்மிகாவுக்கு நேர்ந்த கதி உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் நேரலாம். நேர்ந்தால், பதிவின் இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் முதலில் சேமியுங்கள், பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். ஆபாசமாகத் திரித்த படங்களை நீக்க அவர்களுக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம்.

ரசிகருக்கும் உரிமைகள் உண்டு. பவுன்சர் போலீஸ் இல்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பாதுகாவலரை அனுப்பும் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். அவரிடம் புகைப்பட அடையாள அட்டை இருக்க வேண்டும். வழிவிடச் சொல்லலாம், தடுத்து நிற்கலாம். அடிக்கவோ, போனைப் பிடுங்கிப் படத்தை அழிக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது, அவரை வைத்திருப்பவருக்கும் கிடையாது. போலீஸே கைப்பற்றினாலும் அதற்கு எழுத்துப்பூர்வப் பதிவு வேண்டும். அடிபட்டால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்துகொண்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்பலாம்; அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

கடைசியாக, வீட்டில் உட்கார்ந்தபடியே ஏமாறும் ரசிகர்களுக்கு. “சாரோட மேனேஜர் பேசுறேன், உங்களை நேர்ல பார்க்க ஆசைப்படுறார், ரசிகர் அட்டைக்குப் பணம் கட்டுங்க” என்று இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ செய்தி வந்தால், நூற்றுக்கு நூறு மோசடி. ஆதார் நகலும் ஓடிபியும் கேட்பது அடுத்த கட்டம். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். மோசடிக்காரர் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் புகார் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தால் முடக்கிவைக்க வழி உண்டு. வெளியே தெரிந்தால் கேலி செய்வார்களே என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு அழைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இருக்காது.