உங்களுக்குத் தெரியுமா? கொரோனா கொடுத்ததும் பிடுங்கியதும்

கொரோனாவுக்கான உலக அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. நம் வீட்டிலும் வேலையிலும் அது போட்டுவிட்டுப் போன கணக்குதான் இன்னும் நேராகவில்லை. அந்த நாட்களில் கொடுத்த சலுகைகளில் பலவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவற்றில் பலவற்றைத் திருப்பித் தரவே இல்லை. கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா?

★ நாடு தழுவிய ஊரடங்கைப் பிரதமர் அறிவித்தது 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு. நள்ளிரவில் அமலானது. தயாராக மக்களுக்குக் கிடைத்தது 4 மணி நேரம். தமிழ்நாட்டிலோ அன்று மாலை 6 மணிக்கே 144 தடை வந்துவிட்டது. அதற்குள் சொந்த ஊர் போய்ச் சேர வேண்டுமே என்று கோயம்பேடு பேருந்து நிலையத்தில் திரண்டது தீபாவளிக் கூட்டம். தள்ளி நில்லுங்கள் என்று சொல்வதற்காகப் போட்ட உத்தரவு, முதலில் எல்லோரையும் ஒரே இடத்தில் நெருக்கியடிக்க வைத்தது.

★ மூத்த குடிமக்களுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை இருந்தது நினைவிருக்கிறதா? 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம். பெரியவர்கள் அவசியமில்லாமல் பயணம் செய்யக் கூடாது, தொற்று வந்துவிடும் என்ற அக்கறையில் 2020 மார்ச் 20 அன்று அதை நிறுத்தினார்கள். தொற்று ஓய்ந்தது, ரயில்கள் எல்லாம் ஓடுகின்றன, கம்பளியும் தலையணையும்கூட ஏசி பெட்டிக்குத் திரும்பிவிட்டன. சலுகை மட்டும் திரும்பவில்லை. அக்கறை இன்னும் தொடர்கிறது போலும்.

★ கால் சென்டர் ஊழியர் வீட்டில் உட்கார்ந்து அழைப்பு எடுப்பது ஒரு காலத்தில் அவ்வளவு சுலபமல்ல. அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் நிபந்தனைகள் உண்டு, பிணைத்தொகை உண்டு. 2020 மார்ச் 13 அன்று அவற்றைத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் பெரும்பாலான விதிகளையே தூக்கிவிட்டார்கள். பல ஆண்டுகளாகக் கடினம் என்று சொல்லப்பட்ட ஒன்று சில நாட்களில் முடிந்துபோனது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2025க்குள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டிசிஎஸ் நிறுவனம் 2020ல் அறிவித்தது. இதை நம்பி எத்தனையோ பேர் சென்னை ஓஎம்ஆர் பக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்து, கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு தேனிக்கும் தென்காசிக்கும் போனார்கள். மாடியில் சிக்னல் தேடி, குக்கர் விசில் கேட்காத மூலையாகப் பார்த்து மேஜை போட்டார்கள். 2025 பிறக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. 2023 அக்டோபர் முதல் வாரத்துக்கு 5 நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்லிவிட்டது. மற்ற நிறுவனங்களும் ஏதோ ஒரு கணக்கில் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வேலை வீட்டுக்குள் வந்த நாளில் கூடவே வந்த இரவு 10 மணி மீட்டிங் இருக்கிறதே, அதை மட்டும் யாரும் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை.

★ எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடந்தோம். ஆண்கள் பாத்திரம் தேய்க்கும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. அடடா, காலம் மாறுகிறது என்று நினைத்தவர்கள் மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வை எடுத்துப் பார்க்கலாம். கொரோனாவுக்கு முன், 2019ல் எடுத்த ஆய்வின்படி சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். அதே வேலையில் ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். எல்லாம் ஓய்ந்த பிறகு 2024ல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88.

பெண்ணுக்கு 10 நிமிடம் குறைந்ததே என்று மகிழலாம்தான். ஆனால் அந்த 10 நிமிடத்தை வாங்கிக்கொண்டது வீட்டு ஆண் இல்லை. அவர் கணக்கிலும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், இது வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரி மட்டும். கை வைக்காதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். மூன்று வேளையும் ஆறு பேருக்குச் சமைத்து, நடுவில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பையும் பார்த்துக்கொண்ட அம்மாக்களுக்கு ஊரடங்கு என்பது ஓய்வு கிடைத்த காலமே அல்ல.

★ தமிழ்நாட்டில் 2020ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு எல்லோரையும் தேர்ச்சியாக்கினார்கள். காய்ச்சலோடும் பள்ளிக்கு ஓடிய பிள்ளைக்கு முதல்முறையாக அதற்கும் மார்க் கிடைத்தது! அடுத்த ஆண்டு அதுவும் இல்லை. 2021ல் பத்தாம் வகுப்பை முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது, ‘தேர்ச்சி’ மட்டும்தான். பிளஸ் ஒன் சேர்க்கைக்கு எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிரிவு கொடுப்பது என்று பள்ளிகள் தலையைச் சொறிந்தன.

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1 அன்று. நடுவில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் போயிருந்தது. விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க வந்ததுதான் இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் தொடங்கினார்கள். மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். அரசுத் திட்டம் ஒன்று தெருத் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்த்தது என்றால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

★ தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு வயது 58லிருந்து 59 ஆனது 2020 மே மாதத்தில். 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். ஓய்வுக்காலப் பணப் பலன்களாக மொத்தமாகக் கொடுக்க வேண்டிய தொகையை அரசால் தள்ளிப்போட முடிந்தது. அப்பாவுக்கு இரண்டு வருடம் கூடுதல் சம்பளம். டிஎன்பிஎஸ்சி படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கோ வரிசை நீண்டது. ஒரே வீட்டில் லாபமும் நட்டமும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 2020 ஜனவரி முதல் 18 மாதம் அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. பிறகு உயர்வு வந்தது, அந்த 18 மாத நிலுவை வரவில்லை.

★ ‘ஆறு மாசம் இஎம்ஐ கட்ட வேணாமாம்!’ 2020ல் பல வீடுகளில் கேட்ட குரல் இது. ரிசர்வ் வங்கி தந்தது தள்ளுபடி அல்ல, தவணைத் தள்ளிவைப்பு மட்டுமே. மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் 31 வரை கட்டாமல் விடலாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வட்டிக்கு வட்டி வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக் கடன் அட்டவணையில் கடைசித் தவணை எந்த மாதத்துக்கு நகர்ந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

★ திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் 2020 ஏப்ரலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதற்குள் நடந்துபோனால் மேலே மருந்து தெளிக்கும். நாடே பாராட்டியது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இதை மனிதர்கள் மேல் தெளிக்காதீர்கள் என்று தமிழ்நாடு சுகாதாரத் துறையே நிறுத்தச் சொல்லிவிட்டது.

★ 2020 ஏப்ரலில் நாடு முழுக்க நடந்த யுபிஐ பரிமாற்றங்களின் எண்ணிக்கை சுமார் 100 கோடி. 2021 டிசம்பரில் சுமார் 456 கோடி. நோட்டைத் தொடப் பயந்து தொடங்கிய பழக்கம். இப்போது பயம் போய்விட்டது, கூடவே சில்லறையும் போய்விட்டது.

★ கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர். அந்த நாளைய விதி இது. கோயில் கதவு சாத்தியிருந்ததால் கடலூர் திருவந்திபுரத்தில் வாசலிலேயே தாலி கட்டிக்கொண்ட ஜோடிகள் உண்டு. செலவு குறைந்தது, இனி இப்படித்தான் என்று அப்போது சொன்னவர்கள்தான் இப்போது ட்ரோன் கேமராவுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். சாவு வீட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. போக முடியாமல்போனது போனதுதான்.

★ கடைசியாக ஒன்று, இதை மட்டும் நாலு பேரிடம் சொல்லுங்கள். கொரோனாவில் தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளின் பேரில் தலா 5 லட்சம் ரூபாய் வைப்புநிதியாகப் போடப்படும் என்று தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது. 18 வயது நிறைந்ததும் வட்டியோடு அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் அது. அன்று ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு படித்த பிள்ளைகள் வளர்ந்து இப்போது அந்த வயதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள், சிலர் தாண்டியும் இருப்பார்கள். உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் கூடப் போங்கள்.