பிலடெல்பியா ரசிகர்கள் மறக்க முடியாத 21-வது பெயர்!

2020 ஏப்ரல் 23, வியாழக்கிழமை இரவு. கொரோனா ஊரடங்கில் அமெரிக்காவே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. லாஸ் வேகாஸில் கோலாகலமாக நடந்திருக்க வேண்டிய என்.எஃப்.எல் டிராஃப்ட், லீகின் கமிஷனர் ராஜர் குட்டெல் தன் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து பெயர் வாசிக்கும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. பிலடெல்பியாவில் டி.வி முன்னால் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்த ஈகிள்ஸ் ரசிகர்களில் பலரும் காத்திருந்தது ஒரு பெயருக்காகத்தான்... ஜஸ்டின் ஜெஃபர்சன்.

20 பெயர்கள் வாசித்தாயிற்று. ஜெஃபர்சனை இன்னும் யாரும் எடுக்கவில்லை. 21-வது வாய்ப்பு ஈகிள்ஸுக்கு. குட்டெல் வாசித்த பெயர், ஜேலன் ரேகர். அடுத்த வாய்ப்பிலேயே மின்னசோட்டா வைக்கிங்ஸ் ஜெஃபர்சனைத் தூக்கிக்கொண்டது.

அடுத்த இரண்டு சீசன்களில் ஜெஃபர்சன் பந்தைப் பிடித்துச் சேர்த்தது 3,016 யார்டு. முதல் இரண்டு சீசன்களில் அதுவரை எந்த ஆட்டக்காரரும் அவ்வளவு சேர்த்ததில்லை. அதே இரண்டு சீசன்களில் ரேகர் சேர்த்தது 695. பிலடெல்பியாக்காரர்களிடம் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள்... முகம் மாறிவிடும்.

அமெரிக்க ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். எதிரணிக் காவலரை ஏமாற்றிவிட்டு ஓடிப்போய் அதைப் பிடிப்பவர்தான் வைட் ரிசீவர். கல்லூரியில் ஆடும் இளைஞர்களை 32 அணிகளும் ஆண்டுக்கு ஒருமுறை, 7 சுற்றுகளில் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். ஐ.பி.எல் ஏலம்போலப் பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. 1936-லிருந்து இதுதான் வழக்கம். அதனால், நல்ல இடத்தில் கிடைத்த ஒரு வாய்ப்பை வீணடித்தால், அந்த ஓட்டை அடைபடச் சில வருஷங்கள் ஆகும்.

ஸ்டாப்வாட்ச் சொன்னதும் சொல்லாததும்

ஈகிள்ஸ் ஏன் ரேகரை எடுத்தது? அன்றைக்கு அந்த அணிக்குத் தேவைப்பட்டது ஆழமாக ஓடி எதிரணித் தடுப்பை விரிக்கக்கூடிய வேகக்காரர். ரேகர் நின்ற இடத்திலிருந்து 42 அங்குலம் எகிறுபவர். கல்லூரியின் கடைசி ஆண்டில் அவர் பிடித்தது 43 பந்து, 611 யார்டுதான். ஆனால், ‘எறிந்த கை சரியில்லை, பாவம் அவர் என்ன செய்வார்?’ என்று அதற்கு ஒரு சமாதானம் இருந்தது.

ஜெஃபர்சன் பக்கம் கதை தலைகீழ். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் தோல்வியே காணாமல் 15 ஆட்டங்களையும் ஜெயித்த 2019 சீசனில் அவர் 111 பந்துகளைப் பிடித்து 1,540 யார்டு சேர்த்திருந்தார். அதற்கும் ஒரு ‘ஆனால்’ வைத்திருந்தார்கள். அவர் பெரும்பாலும் ஆடியது ‘ஸ்லாட்’ எனப்படும் உள்பக்க இடத்தில். அங்கே காவல் கொஞ்சம் தளர்வாக இருக்கும். எறிந்தவரோ அந்த ஆண்டின் மிகச் சிறந்த குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ. ‘ஓரத்துக்குப் போனால் தாக்குப்பிடிப்பாரா?’ என்ற சந்தேகம்.

வேடிக்கை என்னவென்றால், 40 யார்டு ஓட்டத்தில் ஜெஃபர்சன் 4.43 விநாடி, ரேகர் 4.47 விநாடி. வேகக்காரரைத் தேடிப் போனவர்கள், ஸ்டாப்வாட்ச் கணக்கிலேயே வேகம் குறைந்தவரைத்தான் எடுத்திருக்கிறார்கள்!

இந்த 40 யார்டு ஓட்டம் ஒரு தனி மோகம். சுமார் 37 மீட்டர். ஒவ்வோர் ஆண்டும் இண்டியானாபோலிஸ் நகரில் ‘கம்பைன்’ என்ற பெயரில் இளைஞர்களை வரவழைத்து ஓடவைத்து, குதிக்கவைத்து, உள்ளங்கை அகலம்வரை அளந்து எழுதிக்கொள்வார்கள். அதில் நூறில் ஒரு பங்கு விநாடி குறைந்தால் ஒருவரின் சம்பளம் லட்சக்கணக்கான டாலர் எகிறலாம். அரைக்கால் சட்டையோடு, எதிரே ஆளே இல்லாமல், நேர்கோட்டில் ஓடுகிற ஓட்டம் அது. நிஜ ஆட்டத்தில் எந்த ரிசீவருக்கும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

2017-ல் ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடி அதுவரை இருந்த சாதனையை உடைத்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 9-வதாக எடுத்தது. காயங்களும் சேர்ந்துகொள்ள, முதல் சீசனில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. 10-வதாக கன்சாஸ் சிட்டி எடுத்தது யாரைத் தெரியுமா? பேட்ரிக் மஹோம்ஸை! அதே டிராஃப்டில் 4.62 விநாடி ஓடிய கூப்பர் கப், மூன்றாம் சுற்றில், 69-வதாகத்தான் போனார். பெரிய பேர் இல்லாத ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர். நான்கு ஆண்டுகள் கழித்து 2021 சீசனில் 145 பந்து, 1,947 யார்டு, 16 டச்டவுன் என மூன்று பட்டியலிலும் முதலிடம். அந்த சீசனின் சூப்பர் பவுலில், ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லாதபோது வெற்றி டச்டவுனைப் பிடித்ததும் அவர்தான். தோற்ற அணி எது? சின்சினாட்டி.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

அனுபவசாலிகள் வீடியோவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். காவலர் முகத்துக்கு நேரே நின்று மறிக்கும்போது முதல் இரண்டு அடியை ரிசீவர் எப்படி வைக்கிறார்? திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைக்கிறாரா, இல்லை காவலருக்குத் துளி துப்பும் கொடுக்காமல் வெட்டுகிறாரா? பந்தைக் கையால் எடுக்கிறாரா, நெஞ்சில் அணைத்து வாங்குகிறாரா? நெஞ்சில் வாங்குபவரிடமிருந்து காவலர் தட்டிவிடுவது சுலபம். அவர் ஆடிய எதிரணிகள் பலமானவையா, அவருக்கு எறிந்தவர் யார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இதில் பாதிக்கு எண்ணே கிடையாது. எண் இல்லாததைக் கூட்டத்தில் வாதாடி ஜெயிப்பது கஷ்டம். 4.22 என்ற எண்ணை யாரும் மறுத்துப் பேச முடியாது. பல தவறுகளுக்கு இந்த ஒரு வித்தியாசமே காரணம்.

1984-ல் சான் ஃபிரான்சிஸ்கோ பயிற்சியாளர் பில் வால்ஷ் ஒரு ஹோட்டல் அறை டி.வி-யில் ஜெர்ரி ரைஸ் என்ற கல்லூரி மாணவரின் ஆட்டத்தைப் பார்த்தார். சின்னக் கல்லூரி. 40 யார்டு நேரமும் சுமார்தான். கொத்தனாரான அப்பாவுக்கு உதவியாக, வீசும் செங்கற்களைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கைகள் அவருடையவை. அடுத்த ஆண்டு டிராஃப்டில் வால்ஷ் வேறு வாய்ப்புகளை விட்டுக்கொடுத்து 16-வது இடத்துக்கு முன்னேறி ரைஸை எடுத்தார். ரைஸுக்கு முன்பே வேறு இரண்டு ரிசீவர்கள் போயிருந்தார்கள். முதல் சீசனில் ரைஸ் கைநழுவவிட்ட பந்துகளுக்காக சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். ஓய்வுபெறும்போது அவர் கணக்கில் 22,895 யார்டு. இன்றுவரை அந்தச் சாதனைக்கு அருகில்கூட யாரும் வரவில்லை.

வீடியோ மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லவும் முடியாது. 2019-ல் டி.கே. மெட்காஃப் 103 கிலோ உடம்போடு 4.33 விநாடியில் ஓடினார். ஆனால், கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனையில், மெதுவான கால்களுக்குப் பேர்போன டாம் பிராடி இளமையில் எடுத்த நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு அணிகள் தயங்கின. 57-வது வாய்ப்பில் ஈகிள்ஸ் வேறொரு ரிசீவரை எடுத்தது. 64-வதாக சியாட்டில், மெட்காஃபை எடுத்தது. அடுத்த ஜனவரியில், பிலடெல்பியா மைதானத்திலேயே நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில் மெட்காஃப் 160 யார்டு குவித்து ஈகிள்ஸை வீட்டுக்கு அனுப்பினார். ரேகர் பெயர் வாசிக்கப்பட்டது அதிலிருந்து நான்கு மாதத்துக்குள். ஏற்கெனவே பட்ட இடத்தில்தான் இரண்டாவது அடி விழுந்தது.

யாருக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டால்...

நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர், கேட் மாஸி என்பவரோடு சேர்ந்து டிராஃப்டையே ஆராய்ந்திருக்கிறார். ஓர் இடத்துக்கு முதலில் எடுக்கப்பட்டவர், அதே இடத்துக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு சுமார் 52 சதவிகிதம். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட ஒரு நூல் மேல், அவ்வளவுதான்! ஆனாலும், ‘இவர்தான் வேண்டும்’ என்று முன்னேறுவதற்காக அணிகள் வாரிக் கொடுக்கின்றன. 2011-ல் ஜூலியோ ஜோன்ஸுக்காக அட்லாண்டா கொடுத்தது ஐந்து வாய்ப்புகள். ஜோன்ஸ் அபாரமாக ஆடினார் என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட பேரம் எல்லா வருஷமும் பலிக்காது. டெட்ராய்ட் லயன்ஸ் 2003, 2004, 2005 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் 10 இடங்களுக்குள் ரிசீவர்களாகவே எடுத்துப் பட்ட பாடு ஊரறிந்தது.

அதே டெட்ராய்ட்டுக்கு 2021-ல் நான்காம் சுற்றில், 112-வதாகக் கிடைத்தவர் அமான்-ரா செயின்ட் பிரவுன். தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயர்களையும் இன்றும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார். 2023-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஐந்தாம் சுற்றில் 177-வதாக எடுத்த பூக்கா நக்குவா, முதல் சீசனிலேயே 1,486 யார்டு சேர்த்து லீக் சாதனை படைத்தார். நல்ல ரிசீவர் எந்தச் சுற்றிலும் ஒளிந்திருக்கலாம். அதனால், ஒரே ஆள்மீது எல்லாவற்றையும் வைப்பதைவிட, அதிக வாய்ப்புகளைக் கையில் வைத்திருப்பது பொதுவாக லாபம்.

பணக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 22-வதாக வந்த ஜெஃபர்சனுக்கு முதல் நான்கு ஆண்டு ஒப்பந்தம் சுமார் 1.3 கோடி டாலர். 2024-ல் அவரைத் தக்கவைக்க வைக்கிங்ஸ் நீட்டித்த நான்கு ஆண்டு ஒப்பந்தம் 14 கோடி டாலர்! முதல் ஒப்பந்தக் காலத்தில் மிச்சமாகும் பணத்தில் அணி வேறு சில ஓட்டைகளை அடைத்துக்கொள்ளலாம்.

ஈகிள்ஸும் பட்டுத் தெளிந்தது. 2021-ல் இரண்டே இடம் முன்னேறி டிவான்டா ஸ்மித்தை 10-வதாக எடுத்தது. சுமார் 75 கிலோதான் எடை. ‘இந்த உடம்பு தாங்குமா?’ என்று கேட்டார்கள். ஆனால், முந்தைய கல்லூரி சீசனில் 1,856 யார்டு சேர்த்து, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர் அவர். இந்த முறை எடை மெஷினைவிட ஆட்டத்தை நம்பினார்கள். 2022 டிராஃப்ட் இரவிலோ இன்னொரு வழி. 18-வது வாய்ப்பையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் டென்னசி அணிக்குக் கொடுத்து, லீகில் ஏற்கெனவே நிரூபித்திருந்த ஏ.ஜே. பிரவுனை வாங்கி, நான்கு ஆண்டுக்கு 10 கோடி டாலர் பேசினார்கள். ஊகத்துக்குப் பதிலாக உறுதி; விலைதான் கூடுதல். பிரவுன் முதல் சீசனிலேயே 1,496 யார்டு சேர்த்தார்.

ரசிகர்களுக்கு எல்லாம் தெரியும் என்றும் நினைத்துவிட வேண்டாம். அதே 2020 டிராஃப்டில் ஈகிள்ஸ் 53-வதாக ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தபோது, ‘ஏற்கெனவே ஒருவர் இருக்கும்போது இவர் எதற்கு?’ என்று ரேகருக்குப் பொங்கியதைப்போலவே பொங்கினார்கள். அவர் பெயர் ஜேலன் ஹர்ட்ஸ். 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்தி ஈகிள்ஸ் சூப்பர் பவுலை வென்றபோது, ஆட்ட நாயகன் அவர்தான். அன்றைக்கு 46 யார்டு டச்டவுன் பந்தைப் பிடித்தவர், அந்த 75 கிலோ ஸ்மித்.

ரேகர் என்னவானார்? 2022 ஆகஸ்ட் கடைசியில் ஈகிள்ஸ் அவரை வேறோர் அணிக்குக் கைமாற்றியது. எந்த அணிக்கு? மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு. 21-வது பெயரும் 22-வது பெயரும் ஒரே ஓய்வறையில்! மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 19 அன்று வைக்கிங்ஸ் பிலடெல்பியாவுக்கு ஆட வந்தது. ஜெஃபர்சனை ஈகிள்ஸ் காவலர்கள் 48 யார்டிலேயே கட்டிப்போட்டார்கள்; 24-7 என ஈகிள்ஸுக்கு வெற்றி. ஆனாலும், எதிரணிச் சீருடையில் ரேகர் களத்தில் இறங்கியபோது, இரண்டு வருஷத்துக் கோபமும் மைதானத்தில் கூச்சலாக எழுந்தது. 23 வயதுப் பையன். தன்னை 21-வதாக எடுக்கச் சொல்லி அவர் யாரையும் கேட்டதில்லை.